படுத்துப் பார்த்து வாங்கிய வீடு

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? இது நானே எழுதும் முதல் கடிதம். எழுத்து கோணலாக இருந்தாலும் மருமகள் சிரிக்காமல் படித்துக் காட்டட்டும்.

நான் வேலை பார்க்கும் சலவைக்கடைக்கு அடுத்த தெருவில், பழைய கட்டடம் ஒன்றில் முதல் மாடி வீடு விலைக்கு வந்தது. படிகள் தாழ்வானவை, உன் முழங்காலுக்குக் கஷ்டம் இராது. நகரத்துக்கு வெளியே புதுக் கட்டடத்தில் இதே விலைக்கு இரண்டு அறை கிடைக்கும், இங்கே ஒன்றுதான். ஆனால், "நீங்க வேலைக்குப் போன பிறகு நான் விழுந்து கிடந்தா யார் பார்ப்பா?" என்று நீ கேட்டது என் காதிலேயே இருந்தது.

நேற்று வீட்டைப் பார்க்கப் போனேன். உன் கட்டில் போடும் இடத்துக்குக் காற்று வருமா என்று தரையில் படுத்துக் கண்ணை மூடினேன். தரகர் பயந்துபோய், "ஐயோ, பெரியவர் விழுந்துட்டாரு!" என்று கத்திவிட்டார். எதிர்வீட்டு அம்மாள் கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். கீழ்வீட்டுத் தையல்காரர் ஒரு சொம்புத் தண்ணீரை என் மேல் கொட்டிவிட்டார்.

"காத்து வருதான்னு பார்த்தேம்மா," என்றேன்.

"என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா? ஜன்னலைத் திறந்தா காத்து, கதவைத் திறந்தா என் பேச்சு!" என்றார் அந்த அம்மாள்.

"முன்பணமே கொடுக்கல, அதுக்குள்ள தூங்கிட்டாரே!" என்றார் தையல்காரர்.

நனைந்த சட்டையோடு அப்போதே முன்பணம் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபிக்காதே.

கட்டிலின் நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டி அனுப்பு. என் பழைய போர்வையையும் அனுப்பு. இல்லை, வேண்டாம், நீயே எடுத்து வா. அடுத்த மாதம் சாவி தருவார்கள். அந்தக் கதவைத் தனியாகத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

கடை திறக்க நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

பெரியவனின் அப்பா