என் இழுப்பும் உன் சிபாரிசும்

பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண் தேயிலைத் தூள் தயாராகும் ஸ்டோரில் வேலை முடிந்து வந்து, சற்றுமுன் வாசலில் நின்று சேலையை உதறினாள். தூள் பறந்தது. எனக்கு உடனே நெஞ்சடைத்தது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தபோது உன் மேல்தான் கோபம் வந்தது. செத்துப்போனவளிடம் என்ன சண்டை என்பார்கள். நான் போடத்தான் போகிறேன்.

எனக்கு மூச்சிழுப்பு என்று தெரிந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டிஸ்பென்சரி ஐயா எல்லா நோய்க்கும் ஊற்றும் அதே சிவப்புத் தண்ணீரை எனக்கும் ஊற்றினார். நீ வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள் நீ. ஏற்றத்தில் நான் திணறினால், உன் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்த்துக் கட்டுவதுபோல் நின்றுகொள்வாய். கங்காணியின் ஏச்செல்லாம் உனக்கு விழும். நான் மூச்சு வாங்கிக்கொள்வேன்.

அதோடு விட்டாயா? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தக் கங்காணியிடமே போய் நின்றாய்.

"புள்ளைக்கு மலையேற முடியலைங்க. ஸ்டோருக்குள்ள போட்டா குளிரும் இல்ல, மழையும் இல்ல."

அவரும் பெரிய மனது வைத்தார். ஸ்டோரில் தூள் சலிக்கும் இடத்தில் என்னைப் போட்டார்கள். நனையவில்லை, உண்மைதான். தூள்தான் மூக்கிலும் தொண்டையிலும் அப்பியது. வீட்டுக்கு வந்தால் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்தே கிடப்பேன்.

"பழகிரும் புள்ள. இந்த வேல கெடைக்காதான்னு எத்தன பேரு அலையிறாங்க!" என்று சிரித்தாய். என் நெஞ்சு எனக்குத் தெரியாதா? ஒருநாள் அங்கேயே மயங்கி விழுந்தேன். மலைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் எனக்காக நீதான் பேசினாய்.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். இப்போது வெந்நீர்ப் போத்தல் இல்லாமல் நான் மலைக்குப் போவதில்லை. ஏற்றத்தில் நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுகிறேன். இருந்தும் சில நாள் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

நேற்று அப்படி நின்றபோது, "என்னா நிக்கிற?" என்று கங்காணி கத்தினார்.

"இழுப்புங்க கங்காணி. மூச்சு வாங்கிட்டுத்தான் வருவேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே அப்பால் போய்விட்டார். அவ்வளவுதான்! இத்தனை காலம் இதை என் வாயால் சொல்ல விட்டாயா நீ? கேட்டுவிடுவோம் என்று திரும்பினேன். உன் நிரையில் வேறொருத்தி நின்றாள்.

அழுதால் இழுப்பு கூடும். அதனால் அழுகையையும் விழுங்கிக்கொண்டேன்.