எந்திரிக்க விடாத மருமகள்

அத்தை,

குவைத்திலிருந்து உங்கள் பேரன் அனுப்பிய மாத்திரை டப்பாவைத் திறந்தேன். குப்பென்று மீன் எண்ணெய் நாற்றம். "வயசானா ஒடம்பு உள்ளுக்குள்ள துருப்பிடிக்குமாம்மா, இது துருவ எடுக்கும்" என்று போனில் சொன்னான். இதே நாற்றத்தை உங்களுக்கு விழுங்கக் கொடுத்தவள் நான்.

எழுபதைத் தாண்டியும் நீங்கள்தான் வாசல் கூட்டினீர்கள், குழாயடியில் தண்ணீர் பிடித்தீர்கள். பார்த்தவர்கள் என்னைத்தான் பேசினார்கள். "மாமியாளக் குனிய விட்டுட்டு மருமக டிவி பாக்குறாளாக்கும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. சுருக்கென்றது. அன்றே உங்கள் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கினேன்.

"கை காலு நல்லாத்தானே இருக்கு? ஏன்த்தா என்னைய ஒக்காத்தி வைக்கிற?"

"நீங்க பாடுபட்டது போதும் அத்தை. ஒக்காருங்க, எல்லாம் ஒங்க கைக்கு வரும்."

வந்தது. காப்பி, சோறு, வெந்நீர், மாத்திரை. ஊர் மெச்சியது, நானும் பூரித்துப்போனேன். இரண்டே வருஷத்தில் உங்களை எழுப்பி நிறுத்த இரண்டு ஆள் வேண்டியிருந்தது. புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் உங்கள் தொடையைப் பிடித்துப் பார்த்தார். "நோயி ஒண்ணுமில்லம்மா. அசையாம இருந்து சதை கரைஞ்சுபோச்சு. உள்ளுக்குள்ள பிடிக்கிற துருவ, ஒடம்பு அசைஞ்சாத்தான் அதுவே சமாளிக்கும். மாத்திரை மட்டும் என்ன செய்யும்?" நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாமே!

நீங்கள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆயிற்று. இப்போது என் முறை. என் மருமகள் தங்கமானவள். திருச்சிக்கு வேலைக்குப் போக கீரனூர் ஸ்டாப்புக்கு ஓடுமுன், சோற்றை மூடி வைத்துவிட்டு கிரில் கேட்டைப் பூட்டுகிறாள். "வெளிய போயி விழுந்துட்டா அவரு என்னையத்தானே கேப்பாரு. பேசாம ஒக்காந்திருங்க அத்தை." அவளை எந்த வாயால் குறை சொல்ல? உங்கள் கதையை ஒளிக்காமல் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே பூட்டினாள்.

அவள் போனதும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறேன். பத்துத் தடவை என்று எனக்கு நானே கணக்கு. நேற்று ஏழாவதிலேயே தொடை நடுங்கி, தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அழுகையாக வந்தது.

டாக்டர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். வீட்டுக்கு வந்த அன்றே, "பிடிச்சுக்கத்தா, எந்திரிச்சுப் பாக்குறேன்" என்று கையை நீட்டினீர்கள். விழுந்துவிட்டால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து நான் பிடிக்கவில்லை. நீட்டிய அந்தக் கை என் கண்ணிலேயே நிற்கிறது, அத்தை.