அது வயிற்று வலி இல்லை

என் புடவையில் வசம்பு வாசனை இன்னும் போகவில்லை. இன்று காலை முழுக்க ஒரு பச்சைக் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். யார் வீட்டுக் குழந்தை என்று சொன்னால் நீ என்னை அடிக்க வருவாய். உன் மாமியாரின் மகள் வயிற்றுப் பேரன். ஆமாம்டி, அதே மாமியார்தான். இரு, முழுக்கச் சொல்கிறேன். சொல்வதற்கு உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் மகளிடமும் அன்றைக்கு இதே வாசனைதான். அவள் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜாக்கெட் பிரித்துத் தைக்க வேண்டும் என்று வீட்டில் சாக்குச் சொல்லிவிட்டு, மாரண்டஹள்ளியில் என் தையல் கடைக்கு வருவாய். வந்தால் பையைத் திறக்கவே மாட்டாய். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய். பள்ளிக்கூட நாளில் பாலக்கோடு பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை வாய் மூடாதவள் நீ. கண்டக்டரே, "தாயே, கொஞ்சம் மூச்சு வுட்டுட்டுப் பேசு" என்று கும்பிடுவார். அப்படிப்பட்டவளிடம் இருந்து ஒரு வார்த்தை வாங்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

"தூக்கமே வர்ல டீ. பாப்பா அழுவுது, எனக்கு ஒண்ணுமே தோணல. நான்லாம் அம்மாவா?" என்றாய்.

உன் வீட்டில் நான் இதைச் சொன்னபோது உன் மாமியார் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "நாங்கல்லாம் புள்ள பெக்கலியா? எல்லாம் நடிப்பு. ஒடம்புல சத்து இல்ல, ரெண்டு பாட்டில் ஏத்துனா சரியாப் போயிரும்." நம் ஊரில் எந்தச் சீக்குக்கும் பெயர் சத்துக் குறைவு, எந்தச் சீக்குக்கும் மருந்து குளுக்கோஸ் பாட்டில். இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அப்புறம் தாயத்து. அப்புறம் பேய் என்று சொல்லி வேப்பிலை.

லைனிங் துணி எடுக்கப் போகிறோம் என்று பொய் சொல்லி உன்னைத் தர்மபுரிக்குக் கூட்டிப்போனேனே, நினைவிருக்கிறதா? கவுன்சலிங் கொடுக்கிறவர் என்று யாரோ சொன்ன ஒரு பெரியவர். அரைமணி நேரம் அவரே பேசிவிட்டு, "குடும்பம்னா பொம்பளைதான் அனுசரிச்சுப் போகணும்மா" என்று முடித்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நீ சொன்னாய், "இதச் சொல்ல இவரு எதுக்குடி? எங்க மாமியாரே வூட்ல ஓசியில சொல்லுதே!" இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நீ சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு எனக்கு வீம்பு வந்துவிட்டது. மெடிக்கலில் கேட்டால் குரலைத் தாழ்த்தி, சேலத்துக்குப் போங்க என்றார்கள். சேலத்துக்கு உன்னை யார் விடுவார்கள்? கடைசியில் தடுப்பூசி போட வரும் நர்ஸம்மாதான் மாத்திரை அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். மனநலத்துக்கே படித்த டாக்டரம்மா, செவ்வாய்க்கிழமை மட்டும் தர்மபுரிக்கு வருகிறார், பிள்ளை பெற்ற பெண்களுக்கு இப்படி வருவது அவருக்குத் தெரியும், மருந்தும் கொடுப்பார், பேசவும் விடுவார். நானே போய் உன் பெயரைப் பதிந்தேன்.

அங்கேதான்டி நான் பாவியானேன். கவுண்டரில் இருந்த பெண் பெயர் கேட்டாள், வயது கேட்டாள், செல் நம்பர் கேட்டாள். நான் உன் புருஷன் நம்பரைச் சொன்னேன். உனக்கென்று ஒரு பட்டன் போன் இருந்தது, அந்த நம்பரும் எனக்குத் தெரியும். ஆனால் என் கடை நோட்டில் எந்தப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலும் அவள் வீட்டுக்காரர் நம்பர்தான் இருக்கும். ரேஷன் கார்டிலும் காஸ் புத்தகத்திலும் அப்படித்தான். வாய் பழக்கத்தில் அதுவாகச் சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை, நாளைக்கு மறக்காமல் வாங்க என்று அங்கிருந்து போன் செய்திருக்கிறார்கள். தக்காளி மண்டியில் நாலு பேர் நடுவே அவன் எடுத்திருக்கிறான். நேராக என் கடைக்கு வந்தான். "எம் பொண்டாட்டியப் பைத்தியம்னு எழுதி வெச்சிருக்கியா?" என்று வெட்டி வைத்திருந்த துணியையெல்லாம் ரோட்டில் வீசினான். பின்னாலேயே உன் மாமியார். "வூட்ல கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு நிக்குது. இவ பைத்தியக்கார டாக்டர்கிட்ட போனான்னு தெரிஞ்சா எவன் வந்து எம் பொண்ணக் கேப்பான்?" என்று மண்ணை வாரித் தூற்றினாள். உன் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தச் செவ்வாய் போயிற்று. அடுத்த செவ்வாய் வருவதற்குள் நீ இல்லை.

தீராத வயிற்று வலி என்றார்கள். போலீஸிலும் அப்படித்தான் எழுதினார்கள். நான் உன் கால்மாட்டில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. நம்பர் கொடுத்தவள் நான்தானே என்ற பயம். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே துப்ப வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் பிறகு திறந்தேன். வருஷம் திரும்பவில்லை, உன் மகளை உன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு உன் புருஷனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கம் பெண் கொடுக்கும் முன் சும்மா வந்து விசாரிப்பார்களே. ஆண்கள் டீக்கடைக்குப் போவார்கள், பெண்கள் தையல் கடைக்கு வருவார்கள். கடத்தூரிலிருந்து இரண்டு பேர் ஜாக்கெட் தைக்கிற மாதிரி வந்தார்கள். "ஏம்மா, மொத சம்சாரம் வயித்து வலியில போயிருச்சாமே?" என்றார் ஒருவர். டீ வாங்கிக் கொடுத்து, "அது வயித்து வலி இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். அந்தச் சம்பந்தம் போயிற்று. அடுத்து வந்ததும் போயிற்று. அதற்கடுத்ததும். அன்றெல்லாம் எனக்கு இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கியது. அவன் இன்னும் ஒண்டியாகத்தான் திரிகிறான். நன்றாக வேண்டும்.

உன் நாத்தனாரை விசாரிக்கவும் வந்தார்கள். ஒரு வார்த்தை போதும், கலைத்திருப்பேன். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நீ ஒருமுறை சொல்லியிருந்தாயே, "அந்த வூட்ல எம் பக்கத்துல உக்காந்து சோறு துன்றவ அவ ஒருத்திதான் டீ" என்று. தங்கமான பொண்ணுங்க என்று சொல்லி அனுப்பினேன்.

போன வாரம் உன் மாமியார் என் கடை வாசலில் வந்து நின்றாள். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், நாற்பது நாளாயிற்று, தூங்குவதில்லை, பிள்ளையைத் தொடுவதில்லை. "உனக்கு ஒரு டாக்டரம்மா தெரியுமில்ல கண்ணு?" என்றாள். கண்ணாம்!

ஸ்டூலை நகர்த்திப் போடவில்லை. நிற்கவைத்தே பேசினேன். "டாக்டரு எதுக்குங்க? நீங்கல்லாம் புள்ள பெக்கலியா? நடிப்பா இருக்கும். ரெண்டு பாட்டில் ஏத்துங்க, சரியாப் போயிரும்." கிழவி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இனித்தது. ஆறு வருஷமாகக் காத்திருந்த பேச்சு அது. அப்படியே அனுப்பிவிடத்தான் நினைத்தேன். வெளியே ஆட்டோவில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் கத்துகிறது, அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நான் கூட்டிப்போறேன். ஆனா டாக்டர் ரூமுக்கு நீங்களும் வரணும்" என்றேன்.

இன்று போனோம். டாக்டரம்மாவுக்கு முடி நரைத்திருக்கிறது. அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். அதுவரை குழந்தை என் மடியில். வெளியே வந்தவள் முகம் வீங்க அழுதிருந்தாள். ஆனாலும் அவளாகவே கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிறகு எங்களைக் கூப்பிட்டார். சரியாகிவிடும், மருந்து இருக்கிறது, வாராவாரம் வந்து பேசட்டும் என்றார். எழுதிக்கொண்டே, "வூட்ல வேற யாருக்காச்சும் பிரசவத்துக்கப்புறம் இப்படி இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் உன் மாமியார்.

"இருந்துச்சுங்க. இவங்க மருமகளுக்கு" என்றேன் நான்.

டாக்டர் நிமிர்ந்தார். "யார்கிட்ட காட்டுனீங்க?"

"யார்கிட்டயும் காட்டலீங்க. உங்ககிட்டதான் பதிஞ்சிருந்தோம். வர வுடல. செத்துட்டா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "அவங்க பேரு?" என்றார்.

நான் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உன் மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஆறு வருஷத்தில் அந்த வாய் உன்னைப் பாவி என்றது, ஓடுகாலி என்றது, செத்தவ என்றது. உன் பெயரைச் சொன்னதில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். டாக்டருக்குக் கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்கம்மா" என்றார். இரண்டாம் முறையும் சொன்னாள்.

நான் மனசு ஆறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அடுத்த செவ்வாயும் நான்தான் கூட்டிப்போகப் போகிறேன். அந்தப் பெண் தேறிவிடுவாள். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டு அதே வீட்டில் நடமாடுவாள். உன் மாமியார் அதைத் தினமும் பார்ப்பாள். மருமகளையும் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்பியிருந்தால் போதுமே என்று பார்க்கும்போதெல்லாம் வெந்துபோவாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். வழியில் மாரியம்மன் கோயில் வந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டேன்: இவளுக்கு நூறு வயசு கொடு, தாயே.