டாக்சி பாஸாகிவிட்டது

பாயான் பாரு,
18.3.1991

என் அன்பு அத்தானுக்கு,

ஆபரேஷனுக்காக மார்பில் போட்ட தையல் ஆறி வருகிறது, கஞ்சி போய்ச் சோறு சாப்பிடுகிறீர்கள் என்று உங்கள் அக்கா கோலாலம்பூரிலிருந்து போனில் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கும் சோறு இறங்கியது. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்பதுதான் குறை. அக்கா இருப்பதால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் டாக்சி புகைச் சோதனையில் பாஸாகிவிட்டது. அதைக் காட்டி டாக்சி பெர்மிட்டையும் புதுப்பித்தாயிற்று.

"இன்ஜின் போயிருச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடு, பெர்மிட்டும் போகட்டும்" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெர்மிட்டுக்காக நீங்கள் எத்தனை ஆபீஸ் படி ஏறினீர்கள் என்று எனக்குத் தெரியும். படுத்திருக்கிறவர் எழுதியது இது, எழுந்து உட்கார்ந்தால் வேறு மாதிரி நினைப்பார் என்று சொல்லிக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

முதல் முறை காரைச் சோதனைக்குக் கொண்டுபோனது சூலியா தெருவில் உங்களோடு டாக்சி ஓட்டும் அலாவுதீன்தான். ஆக்சிலேட்டரை மிதித்ததும் கன்னங்கரேலென்று புகை வந்து, அந்த இடத்திலேயே ஃபெயில். பட்டறையில் இன்ஜினை முழுவதும் பிரித்துச் செய்ய வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு என் நகையெல்லாம் போட்டாலும் பற்றாது.

அன்று சாயங்காலம் அலாவுதீன் வீட்டுக்கு வந்தார். "அண்ணி, நீலப் புகை வந்தாத்தான் இன்ஜின் எண்ணெயக் குடிக்குதுன்னு அர்த்தம். இது கருப்புப் புகை லா. டீசல் சரியா எரியல, அவ்வளவுதான். சின்னச் சின்ன வேலைய முதல்ல செஞ்சு பார்ப்போம்" என்றார்.

ஏர் ஃபில்டரைத் திறந்தோம். சாம்பிராணி போட்ட சட்டி மாதிரி இருந்தது. உங்கள் உடம்பு முடியாமல் போனதிலிருந்து அதை யார் பார்த்தார்கள்? புதியதை வாங்கி நானே மாட்டினேன். இன்ஜின் எண்ணெயையும் மாற்றினோம். பிறகு கடல் பாலத்தைத் தாண்டிப் பிறை ஊரில், இன்ஜினுக்குள் டீசல் தூவும் நோசல்களை லாரிகளுக்குப் பார்க்கும் கடைக்குக் காரைக் கொண்டுபோனோம். நான்கையும் கழற்றி, அழுத்தம் கொடுத்துக் காட்டினார்கள். இரண்டு பன்னீர் தெளிப்பது போல் டீசலைத் தூவின. மற்ற இரண்டும் சொட்டுச் சொட்டாக ஒழுகின. கடைக்காரர் நான்கையும் மாற்றச் சொன்னார். "நல்லா இருக்கிறத எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ஒழுகிய இரண்டை மட்டும் மாற்றித் தந்தார். எந்த நகையும் அடகுக்குப் போகவில்லை, கவலைப்படாதீர்கள்.

அத்தோடு முடியவில்லை. டவுனுக்குள்ளேயே ஊர்ந்து ஊர்ந்து இன்ஜினுக்குள் கரி படிந்திருக்கும், ஹைவேயில் கொஞ்சம் விரட்டி ஓட்டி, சூடு ஆறுவதற்குள் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் அலாவுதீன். சாவியை என் கையில் கொடுத்து, "நீங்க ஓட்டுங்க அண்ணி, நான் பின்னால உட்கார்ந்து புகையப் பார்க்கணும்" என்றார்.

லைசன்ஸ் எடுத்ததிலிருந்து காய்கறி வாங்கும் பாசாரைத் தாண்டி நான் எங்கே ஓட்டினேன்? பிறை லாரிகளுக்கு நடுவே முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே நுழைந்தேன். சுங்கைப் பட்டாணி வரை போனோம். போகும்போது "புகை, இன்னும் புகை" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திரும்பும்போது வாயே திறக்கவில்லை. பயந்துபோய் என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணி. பின்னால வர்ற கார் நம்பர் தெரியுது" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாலத்தில் ஏறினேன். இரண்டு பக்கமும் கடல். பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, அத்தான். பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

சோதனைக் கூடத்தில் அதிகாரி புகைக்குழாயில் கருவியைச் செருகி, திரும்பத் திரும்ப ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார். முள் பாதியைக்கூடத் தொடவில்லை. முத்திரை குத்திக்கொண்டே, உரிமையாளர் எங்கே என்று மலாயில் கேட்டார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நான் அவர் மனைவி என்றேன். இனி டாக்சியை யார் ஓட்டுவது என்று கேட்டார். பேப்பரை வாங்கிக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் இனி ஸ்டியரிங் பிடிப்பதைப் பற்றி டாக்டர் சொன்னதை அக்கா என்னிடம் சொன்னார். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நானும் எழுதப் போவதில்லை.

ஆனால் அந்த அதிகாரி கேட்டதற்கு வீடு வந்து சேருவதற்குள் பதில் தெரிந்துவிட்டது. டாக்சி ஓட்டும் லைசன்ஸுக்கு நான் எழுதிப் போடப் போகிறேன். "ஸ்டாண்டுல ஆளுங்க பேசுவாங்க அண்ணி" என்று அலாவுதீன் தயங்கினார். பேசிவிட்டுப் போகட்டும். பகலில் மட்டும் ஓட்டுகிறேன். பிள்ளைகள் திரும்பும்போது வீட்டில் இருப்பேன். எந்தத் தெரு எந்த நேரத்தில் அடைத்துக்கொள்ளும், எங்கே நின்றால் சவாரி கிடைக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும்.

தண்ணீர்மலை முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பான். கோபப்படாமல் யோசியுங்கள். சரி என்றால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வேண்டாம் என்றால், அதை வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
சந்திரிகா