ரொட்டியை நிறுத்திவிட்டேன், ஐயா

என்னைப் பெற்ற ஐயாவுக்கு, உங்கள் பேச்சி ஆசையோடு எழுதுவது.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். என் வயிற்று நோய்க்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டார்கள்! சூடு என்றார்கள், சூலை என்றார்கள், கண்ணேறு என்றார்கள், சாமிக் குத்தம் என்றார்கள். அது ஒன்றுமே இல்லையாம். சீலியாக் என்று ஒரு நோயாம். கோதுமை என் குடலுக்கு ஆகாது. அரிசி தின்னலாம், கம்பு தின்னலாம், சோளம் தின்னலாம், கோதுமை மட்டும் ஒரு பொட்டுகூட உள்ளே போகக் கூடாது. இவ்வளவுதான் விசயம். இதற்குத்தான் இருபத்தெட்டு வருசம் அந்தப் பாடு பட்டோம்.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கரிசல் காட்டில் கம்பும் சோளமும் விதைக்கிற சம்சாரி வீட்டுக்குக் கோதுமை எங்கிருந்து வந்தது என்பீர்கள். நானும் அதையேதான் மதுரை டாக்டரம்மாவிடம் கேட்டேன். உடம்புக்கு முடியாமல் படுத்தால் வீட்டில் என்ன வாங்கிக் கொடுப்பார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். ரொட்டி என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஆமாம் ஐயா, நீங்கள் வாங்கி வந்த ரொட்டிதான். நான் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தால், பசுவந்தனையிலிருந்து பஸ் ஏறிக் கோவில்பட்டி பஜாருக்குப் போவீர்கள். ரொட்டியை நசுங்காமல் துண்டில் முடிந்துகொண்டு வந்து, பாலில் நனைத்து நீங்களே ஊட்டுவீர்கள். "ரொட்டி வயித்துக்கு லேசு ஏட்டி, ரெண்டு துண்டு தின்னுட்டுப் படு" என்பீர்கள். நானும் தின்பேன். மறுநாள் இன்னும் நாலு தடவை கொல்லைக்கு ஓடுவேன். நீங்கள் இன்னொரு ரொட்டி வாங்கக் கிளம்புவீர்கள். நம் பக்கத்தில் நோயாளிக்கு ரொட்டி கொடுக்காத வீடு எது? ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவர் எவராவது கையில் ரொட்டி இல்லாமல் போவாரா?

இதைக் கேட்டு நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளக் கூடாது. அம்மா இல்லாத வீட்டில் ஒற்றை ஆளாக என்னை வளர்த்தவர் நீங்கள். தெரிந்தா செய்தீர்கள்? எனக்கு உங்கள் மேல் ஒரு கடுகளவு வருத்தம் கிடையாது.

ஒன்று மட்டும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். மழை பொய்த்த அந்த வருசம் ஞாபகம் இருக்கிறதா? வெளியில் வாங்கித் தின்ன வழியில்லாமல், பானையில் கிடந்த கம்பையும் குதிரைவாலியையும் வைத்து ஆறு மாதம் ஓட்டினோம். ஊரே வற்றிப் போன வருசத்தில் நான் மட்டும் கன்னத்தில் சதை வைத்துத் திரிந்தேன். நீங்கள் கழுகுமலை முருகன் கண் திறந்துவிட்டான் என்று மொட்டை போட்டுக்கொண்டு வந்தீர்கள். வந்த கையோடு, பிள்ளை தேறிவிட்டாள் என்ற சந்தோசத்தில் எனக்கு ஒரு பெரிய ரொட்டியும் பன்னும் வாங்கி வந்தீர்கள். முருகன் என்னதான் செய்வான், சொல்லுங்கள்?

கல்யாணமான பிறகு என் முதல் பிள்ளை மூன்றாம் மாதமே தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் மாமியார் வீட்டில் பேச்சு மாறிவிட்டது. உங்கள் மருமகனுக்கு இன்னொரு பெண் பார்க்கலாமா என்று என் காது கேட்கவே பேசினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு காட்டுக்குப் போய்விடுவார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

போன வருசத்துக்கு முந்தின வருசம் தீப்பெட்டி ஆபீசில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தேன். உடம்பில் ரத்தமே இல்லை என்று கோவில்பட்டி டாக்டர் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த டாக்டரம்மா வடக்கே, மூன்று வேளையும் கோதுமை தின்கிற ஊரில் பல வருசம் வேலை பார்த்தவர். என் கண்ணையும் நகத்தையும் வயிற்றையும் பார்த்துவிட்டு, இந்த மாதிரி ஆட்களை அங்கே பார்த்திருக்கிறேன் என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என்னை மாதிரி இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா?

சோதனையைக் கேட்டால் பயந்துபோவீர்கள். மெல்லிய குழாய் நுனியில் மாத்திரை அளவுக்கு ஒரு சின்னக் குப்பி. அதை விழுங்க வேண்டும். குழாயின் மறுமுனை வாய்க்கு வெளியே தொங்கும். குப்பி குடலுக்கு இறங்குகிற வரைக்கும் மணிக்கணக்காக அசையாமல் கிடந்தேன். அங்கே துளியூண்டு சதையைக் கிள்ளிக்கொண்டு அது வெளியே வந்தது. உங்கள் மருமகன் வராந்தாவில் நின்று அழுதாராம், நர்ஸ் சொன்னாள். எனக்கு அந்தக் குப்பியைவிட அந்தச் சேதிதான் பெரிதாகப் பட்டது.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். நல்ல குடலின் உள்பக்கம் பயிர் நிற்கிற மாதிரி இருக்குமாம், என்னுடையது ஆடு மேய்ந்த காடாகக் கிடந்தது. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாததும், பிள்ளை தங்காததும் இதனால்தான் இருக்கும் என்றார். கோதுமையை விட்டால் பயிர் திரும்ப முளைக்கும் என்றார். வீடு வரைக்கும் பஸ்ஸில் நான் வாய் மூடவில்லை.

அன்றிலிருந்து ரொட்டி, பன், ரவை, சேமியா, பரோட்டா எல்லாவற்றுக்கும் கும்பிடு. பெருங்காயத்திலும் கோதுமையிலிருந்து எடுக்கிற மைதாவைக் கலக்கிறார்கள் என்று பலசரக்குக் கடை அண்ணாச்சி சொன்னார், அதையும் நிறுத்தினோம். மாவு மில்லில் கோதுமை அரைத்த கல்லிலேயே கம்பையும் அரைப்பார்கள் என்பதால் வீட்டு உரலில் இடித்தேன்.

இரண்டு மாதம் இப்படிக் காவல் காத்தும் வயிறு கேட்கவில்லை ஐயா. பழையபடி போக்கு, பழையபடி மயக்கம். நான் ஒளித்து வைத்து பன் தின்கிறேன் என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார்கள். உங்கள் மருமகனே ஒருநாள் என் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார். அன்றைக்கு எனக்கு உயிரே வெறுத்துப் போயிற்று.

மறுபடி மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா கோபப்படவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வாய், செய்து காட்டு என்றார். அடுப்பு மூட்டியது, பஸ் ஏறியது எல்லாம் சொல்லி, லேபிள் ஒட்டுவதற்கு வந்தேன். மேசையில் இருந்த மருந்துச் சீட்டுக் கட்டை இழுத்து வைத்துக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துக் காட்டினேன். லேபிள் மெல்லிய தாள் அல்லவா, எச்சில் தொடாவிட்டால் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும். ஆபீசில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பசையை எதில காய்ச்சுவாங்க?"

"மைதாவுலதாம்மா. வேற எதுல காய்ச்சுவாவ?" என்றேன்.

உங்கள் மருமகன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அந்த விரலை வாயில் வைத்திருப்பேன். பசை காயாத விரல். வீட்டில் உரல் போட்டு இடித்து இடித்துச் சாப்பிட்டுவிட்டு, ஆபீசில் உட்கார்ந்து நாளெல்லாம் மைதாவை நக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

மறுவாரமே பசைப் பக்கத்தை விட்டுக் குச்சி அடைக்கிற இடத்துக்கு மாறிவிட்டேன். பசையால் எவளுக்காவது வயிறு கெடுமா என்று மேஸ்திரி கிண்டல் பண்ணினார், பண்ணட்டும். பதினைந்தே நாளில் வயிறு அடங்கியது. மூன்றாம் மாதம் ரவிக்கையெல்லாம் பிடிக்க ஆரம்பித்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி. தெருவெல்லாம் சொன்ன மாமியார்தான் இப்போது எனக்குக் கம்பு இடிக்கிறார்கள். "கோதும மாவு தொட்ட கையோட ஒருத்தியும் எம் மருமக பானையத் தொடப்பிடாது" என்று அவர்கள் போடுகிற சத்தத்தில் சொந்தக்காரர்கள் வீட்டுப் பக்கம் வரவே யோசிக்கிறார்கள். உங்கள் மருமகன் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எனக்கு முன்னால் போய், பாயசம் சேமியாவா ஜவ்வரிசியா என்று விசாரித்துவிட்டுத்தான் என்னை உட்கார வைக்கிறார்.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு நாலு வருசம் தைரியம் வரவில்லை. நீங்கள் கடைசியாகப் படுத்திருந்தபோது நான் இரண்டாவது தடவை முழுகாமல் இருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். அது ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது ஐயா. நீங்கள் போவதற்கு ஒன்பது நாள் முன்னால். உங்களிடம் சொல்லக் கூடாது என்று எல்லோரும் தடுத்தார்கள். நீங்கள் போன அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள், "புள்ள அசையுதா ஏட்டி?"

"அசையுது ஐயா" என்றேன். வெறும் வயிற்றோடு நின்றுகொண்டு சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினீர்கள். உங்களிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். இத்தனை நாளும் அது என்னைத் தூங்கவிட்டதில்லை.

எனக்கு இப்போது எட்டாம் மாதம். போன வெள்ளிக்கிழமை வளையல் போட்டார்கள். இந்தக் கடிதத்தை எழுத விடாமல் உள்ளே ஒரே உதை. எப்படியும் பிழைத்து, பெற்று, வளர்ப்பேன். இந்த நோய் ரத்தத்தில் வரக்கூடியதாம், பிள்ளைக்கு ஒரு தடவை வயிறு வலித்தாலும் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடுவேன். இது சத்தியம்.

அசையுது ஐயா.

வயிறு நிறையச் சாப்பிடுகிற,
உங்கள் ஒரே மகள்
பேச்சியம்மாள்