மீசையை எடுத்த வேதாசலம்

வேதவல்லி நைனாவுக்கு,

பானையில் சோறு இருக்கிறது. பூனைக்குப் பயந்து குழம்புச் சட்டி மேல் கல் வைத்திருக்கிறேன். நான் கருவாடு விற்கப் பொன்னேரி போகிறேன்.

ஏரியில் இன்று நம் பாடு, வலை போடும் முறை நமக்கு. இது போனால் அடுத்தது எப்போது வருமோ. நீ கொண்டுவரும் இறாலை வாங்க ஐஸ் பெட்டியோடு வியாபாரி வேதாசலம் நம் வீட்டுக்கு வருவார். விரட்டாதே. அவரை விட்டால் வேறு ஆள் இல்லை, வெயில் ஏறினால் இறால் நாறிவிடும்.

டி.வி. தொடரில் ஊர் ஊராகக் கொலை செய்கிறவனை முந்தாநாள் ஊர்க்கூட்டம் போட்டு ஊரை விட்டுத் தள்ளிவைத்தீர்கள். சரி, அவன் குப்பத்துக்கு வரப்போவதில்லை. அதே மாதிரி மீசை என்று வேதாசலத்தையும் ஏன் தள்ளிவைத்தீர்கள்? கேட்டால், "உனக்கு இன்னாடி தெரியும், நானே பார்த்தேன்"னு கத்துகிறாய். நீ எங்கே பார்த்தாய்? தொடர் ஓடும்போது பாதி நேரம் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தாய். இருட்டில் ஏரிக்குப் போகப் பயமில்லாத ஆள், மீசைக்கு நடுங்குகிறாய். நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நம் பெண் வேதவல்லி வந்தால் முறுக்கு உறியில்.

மறந்துவிட்டேன்: விஷயம் கேள்விப்பட்டு வேதாசலம் நேற்றே மீசையை எடுத்துவிட்டார், பாவம்.

இன்னொன்று: நேற்றுக் கதையில் அந்தக் கொலைகாரனும் மீசையை எடுத்துவிட்டான். நீ அப்போதும் முதுகுக்குப் பின்னால். ஊரே பார்த்துவிட்டது. அதனால் வேதாசலத்தைப் பொன்னேரியில் பிடித்து, முகத்தைத் துண்டால் மூடிக்கட்டி அனுப்பப்போகிறேன். கண் மட்டும் தெரியும். ஓடாதே, இறாலை எடை போடு.