நிலானிக்கு ஒரு தராசு

நவம்பர் 2, ஞாயிறு

மழை. காலையிலிருந்து விடவில்லை. உடுப்பெல்லாம் ஹீட்டருக்கு மேல். நிலானியின் அப்பா இன்னும் கனடாவில், மாமிக்கு ஆஸ்பத்திரித் துணை.

நிலானி மத்தியானமே துப்பாக்கி சுடும் ரேஞ்சிலிருந்து வந்துவிட்டாள். வழக்கமாக இருட்டின பிறகுதான் வருவாள். வலது கன்னத்தில் மிளகு தூவியதுபோல் கரிப்பொட்டுகள். மூக்குக்கண்ணாடியிலும்.

"என்னடி இது?"

"ஒண்டுமில்லை அம்மா. ஒரு ரவுண்டில மருந்து கூடிப் போச்சு. புகை முகத்தில அடிச்சிட்டுது."

சுட்ட தோட்டாக் கூடுகளுக்கு அவளே வீட்டில் மீண்டும் வெடிமருந்து நிரப்புவாள். க்ளப்பில் பலரும் அப்படித்தானாம். மருந்தை அளக்கத் தராசில் நிறுக்க வேண்டும். ஒரு கோடு பிழையாக வாசித்துவிட்டாள்.

கண்ணாடி இல்லாவிட்டால்? பஞ்சு, வெந்நீர், முகம் துடைத்துவிட்டேன். இருபத்தேழு வயதுப் பிள்ளை, கன்னத்தைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

அவளுடைய ஜாக்கெட்டில் எரிந்த மருந்து மணம். நாலரைக்கே இருட்டு. மாடிப்படியில் குமரன்.

நவம்பர் 5, புதன்

வெள்ளைக்காரரின் பட்டாசு நாள். ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டார்கள். டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். பயனில்லை.

குமரன் யாரென்று இங்கே எழுதியதே இல்லை. என் தம்பி. பத்தொன்பது வயதில் செத்தவன். இந்த வீட்டுக்கு அவன் முதன்முதல் வந்தது, நிலானியின் துப்பாக்கி அனுமதிக்காகப் பொலிஸ்காரர் வந்த அன்று. நல்ல மனிதர். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சின்ன அறைச் சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அவருக்குப் பின்னால் குமரன், ஈரத் தலையோடு. அதன் பிறகு அந்த அறைக்குள் நான் போனதில்லை.

இரவுச் சாப்பாடு, புட்டும் மீன் குழம்பும். கேட்டேவிட்டேன்.

"இதை விடேலாதே பிள்ளை?"

"ஏலாது அம்மா." புட்டைப் பிசைந்தபடி: "நானும் பயந்திட்டன்தான். ஆனா அங்கை படுத்து மூச்சைப் பிடிச்சா மட்டும்தான் என்ர தலைக்குள்ள சத்தம் இல்லை."

எனக்கு நேர் எதிர், வெடிச் சத்தம் என்றாலே தலைக்குள் எல்லாம் தொடங்கும். வெளியில் டுமீல் டுமீல். மேசைக்கு அந்தப் பக்கத்துக் கதிரையில் குமரன். சத்தம் கேட்டால் இப்போதும் குனிகிறான்.

நவம்பர் 8, சனி

வாங்க: பால், வெங்காயம், பின்கதவு பல்ப்.

சின்ன அறைக்குள் போனேன். நிலானி வேலைக்குப் போயிருந்தாள். துப்பாக்கியும் மருந்தும் பூட்டில். மேசையில் தராசு மட்டும், யாரிடமோ வாங்கிய பழசு. ஒரு பக்கம் தட்டு, ஒரு நீண்ட தண்டு, அதன் மேல் நகர்த்துகிற சின்ன எடை. சாம்பல் தண்டில் கறுப்புக் கோடுகள். பாதி தேய்ந்துவிட்டன. என் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டும் ஐந்தா ஆறா தெரியவில்லை.

கண்ணாடிக் கடையில் எத்தனை வருடமாக வேலை செய்கிறேன். நிலானிக்குக் கருவிழியில் வளைவு, மெல்லிய கோடு ஒன்று இரண்டாகத் தெரியும். அவளுக்கு ஃப்ரேம் பொருத்தினதே நான்தான். அப்படியிருந்தும் இதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் என்று வந்து பார்க்கவில்லை.

வந்ததும் கேட்டேன். "பட்டரியில வேலை செய்யிற தராசு இல்லையோ?"

"இருந்தது அம்மா. போன் பக்கத்தில இருந்தா நம்பர் ஏறும். குளிருக்கும் ஏறும். நம்பேலாது."

"அப்ப வாசிக்கக் கூடியதா இன்னொண்டு எடுப்பம். கடைக்கு நானும் வாறன்."

அப்படியே பார்த்தாள். "நீங்களோ?"

குமரன் வாசலில். உள்ளே வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

லீவு எடுத்தேன். குளிர், வெயில். க்ரொய்டனுக்கு அப்பால் துப்பாக்கிக் கடை. இரண்டு பஸ். கதவுக்கு மேல் பஞ்சடைத்த பறவை. சுவர் நிறையத் துப்பாக்கிகள், சங்கிலி போட்டு. முதல் ஐந்து நிமிடம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைக்காரர் சிவந்த முகத்துக் கிழவர். மூன்று தராசு எடுத்து வைத்தார்.

முதலாவது மிக அழகு. எழுத்து எறும்பு.
இரண்டாவதில் எழுத்து பெரிது. ஆனால் எடை உட்காரும் பள்ளம் ஆழமில்லை. கை பட்டால் வழுக்குகிறது.
மூன்றாவது கறுப்புத் தண்டு, வெள்ளைக் கோடு, ஆழமான பள்ளம். முனையில் அகலமான முள், எதிரே ஒற்றைக் கோடு. அடியில் காந்தம், ஆட்டம் சீக்கிரம் அடங்கும்.

நான் மறைத்து எடையை நகர்த்தி வைத்தேன். நிலானி வாசித்தாள். முதலாவதில் இரண்டு தரம் பிழை. மூன்றாவதில் பிழையே இல்லை. முள்ளைக் குனிந்து பார்த்தால் ஒரு மாதிரி, நேராகப் பார்த்தால் வேறு மாதிரி. கண் மட்டத்தில் வைக்க வேண்டும் என்றேன். கடைக்காரரும் தலையாட்டினார்.

"மேடமும் சுடுவீர்களா?"

"இல்லை."

"உங்கள் நாட்டில் இந்த விளையாட்டு இருக்கிறதா?"

"விளையாட்டாக இல்லை" என்றேன்.

நிலானி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பஸ்ஸில் மேல்தட்டு, முன் சீட். பெட்டி அவள் மடியில். டூட்டிங் தாண்டியது. பிறகு நிலானி, வெளியே பார்த்தபடி:

"குமரன் மாமாவை ஆர் சுட்டது?"

இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. ஹோலில் அவன் படம் தொங்குகிறது. வெடிபட்டுச் செத்தவன் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"தெரியாது பிள்ளை. ஊரடங்கு நேரம். ரெண்டு பக்கமும் சுட்டவங்கள். விடியத்தான் எங்களை ரோட்டுக்கு விட்டது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீயும் கேக்கேல்லை."

பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் என் கையைப் பிடித்தாள். கோலியர்ஸ் வுட்டில் இறங்கும்வரை விடவில்லை.

நவம்பர் 13, வியாழன்

முழங்கால் நோ. இவரிடமிருந்து போன், மாமி கஞ்சி குடிக்கிறாவாம். தராசு பற்றி அவருக்குச் சொல்லவில்லை.

நிலானி தராசு வைக்கச் சுவரில் ஒரு பலகை அடித்தாள், தன் கண் மட்டத்துக்கு. ஜன்னல் சாத்தி. போன்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். முதலில் வெறுந்தட்டு, முள் கோட்டில். பிறகு தெரிந்த எடையை வைத்துப் பார்த்தாள். அவள் வாசித்தாள், நான் வாசித்தேன். ஒரே எண்.

மருந்து போடத் தொடங்கினாள். சாம்பல் நிறச் சின்னத் துணுக்குகள். கடுகை விடச் சிறிது. இதுதானா என்று இருந்தது.

குமரன் இன்று உள்ளே வந்தான். நிலானியின் தோளுக்குப் பக்கத்தில், தராசுக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். அவளைவிடச் சின்னப் பெடியன். முள் நிற்கவில்லை. மேலும் கீழும், மேலும் கீழும்.

"ஆடாம நில்லடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"நான் ஆடேல்லையே அம்மா." பிறகு மெதுவாக, "ஆருக்குச் சொன்னீங்கள்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்து வெறும் இடத்தைப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி நின்று, இடம் விட்டாள்.

முள் நின்றது.

நவம்பர் 16, ஞாயிறு

பனிமூட்டம். க்ளப் ஆள் ஒருவரின் காரில், சரேயில் இருக்கும் ரேஞ்சுக்கு. நானும் போனேன். நிலானி வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

பெரிய புல்வெளி, தூரத்தில் மண்மேடு. காதுக்கு மூடி தந்தார்கள். ஃப்ளாஸ்கில் டீ, ஒரு வெள்ளைக்காரி கேக் நீட்டினாள். எடுத்தேன், கையிலேயே இருந்தது.

அவர்கள் படுத்துத்தான் சுடுகிறார்கள். அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் என் காதில் விழவில்லை. புல்லில் வரிசையாக ஆட்கள், குப்புற, கால்களை அகட்டி. ஒருவரும் அசையவில்லை. நாலாவது ஆள் நிலானி. அவளுடைய சப்பாத்தின் அடி மட்டும் எனக்குத் தெரிந்தது.

குமரனைக் குப்புறத்தான் கண்டோம், தலை பனியில் நனைந்து. அம்மாவால் கிட்டப் போக முடியவில்லை. நான்தான் திருப்பினேன்.

அவன் நிலானிக்குப் பக்கத்தில் படுத்திருந்தான், அதே மாதிரி.

வெடி. காது மூடியையும் தாண்டி நெஞ்சில் இடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இன்னொன்று. அவள் தோள் ஒவ்வொரு தடவையும் துள்ளி அடங்கியது. நான் கண்ணை மூடவில்லை. மூடினால் எதைக் காண்பேன் என்று தெரியும்.

யாரோ கையை உயர்த்தினார்கள். சத்தம் நின்றது. வரிசை அப்படியே கிடந்தது. ஒருவரும் எழும்பவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். ஓடிப்போய் அவளைத் திருப்ப வேண்டும் என்றுதான் இருந்தது.

நிலானி முழங்காலை ஊன்றினாள். எழும்பினாள். ஜாக்கெட்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டு, திரும்பி, நான் எங்கே என்று தேடினாள்.